வாசகர் கேள்வி–பதில்: குடுவையில் வளரும் வேரும் நுண்துளைப் பொருளும்

சென்ற இதழில் அரைப்பக்கத்துக்கு ஒரு குறிப்பு எழுதியிருந்தேன். மூலிகைச் செடியின் வேரை மட்டும் தனியே ஆய்வகக் குடுவையில் வளர்க்கிறார்கள், அந்தக் குடுவைக்குள் நுண்துளைகள் நிறைந்த பொருள் ஒன்றைப் போட்டால் வேர் தரும் மருந்துச் சரக்கு கூடுகிறது, இவ்வளவுதான் அதில் சொன்னது. அதற்கு இத்தனை கேள்விகள் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அதனால் இந்த மாதப் பகுதி முழுவதும் அதற்கே. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கே: செடியே இல்லாமல் வேர் மட்டும் எப்படி உயிரோடு இருக்கும்? இலை இல்லாவிட்டால் அதற்குச் சாப்பாடு ஏது? இவ்வளவு சிரமப்படாமல் தோட்டத்தில் செடியை வளர்த்து வேரைப் பிடுங்கிக்கொள்ளலாமே? (இல்லத்தரசி, பிடோக்)

ப: சாப்பாடு சர்க்கரைதான் அம்மா. மண்ணுக்குள் இருக்கும் வேருக்கு இலை அனுப்பிவைப்பதும் சர்க்கரைதான், குடுவையில் அதை நாமே கரைத்துக் கொடுத்துவிடுகிறோம். லிட்டருக்கு 30 கிராம் என்பது வழக்கமான அளவு. அதோடு நைட்ரேட், பாஸ்பேட், பொட்டாசியம், கொஞ்சம் இரும்பு, சில வைட்டமின்கள். முராசிகே, ஸ்கூக் என்ற இருவர் 1962இல் வெளியிட்ட கலவைதான் இன்றும் உலகம் முழுக்க ஆய்வகங்களில் ஓடுகிறது. வேர்களுக்குப் பெரும்பாலும் அதைப் பாதி அடர்த்தியில் கொடுப்பார்கள். கிருமி இல்லாத குடுவை, இருட்டு, 25 டிகிரி வெப்பம், மெதுவாக ஆடிக்கொண்டே இருக்கும் ஒரு மேசை, இவ்வளவு போதும்.

ஆனால் எந்தச் செடியின் வேரை வெட்டிப் போட்டாலும் மளமளவென்று வளர்ந்துவிடாது. அதற்கு ஒரு மண் பாக்டீரியாவின் உதவி வேண்டும். அக்ரோபாக்டீரியம் ரைசோஜீன்ஸ் என்று பெயர். செடியில் காயம்பட்ட இடத்தில் நுழைந்து தன் மரபணுக்களில் ஒரு துண்டைச் செடியின் செல்லுக்குள் செலுத்திவிடும், அங்கிருந்து முடிக்கற்றை மாதிரி கிளை கிளையாக வேர்கள் கிளம்பும். அந்தத் துண்டு உண்மையிலேயே செடியின் மரபணுத் தொகுதிக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது என்பதை 1982இல் நிரூபித்தார்கள். இப்படிக் கிளம்பிய வேரை வெட்டி எடுத்து, ஆன்டிபயாடிக் கொடுத்து பாக்டீரியாவைக் கொன்றுவிட்டால், ஹார்மோன் எதுவும் கேட்காமல் வருடக்கணக்கில் வளர்ந்துகொண்டே இருக்கும். இதை ‘ஹேரி ரூட்’ என்பார்கள். இந்தப் பக்கத்தில் முடிவேர் என்று எழுதுகிறேன்.

தோட்டத்தில் பிடுங்கிக்கொள்ளலாமே என்றீர்கள். இலையைப் பறித்தால் செடி மறுபடி துளிர்க்கும், பழத்தைப் பறித்தால் அடுத்த பருவத்தில் காய்க்கும். வேரைப் பிடுங்கினால் பெரும்பாலும் செடியே போய்விடும், அதுவும் மருந்துச் சத்து சேர ஒன்றிரண்டு வருடமாவது வளர்ந்த செடி. இதனால்தான் வேர் மருந்துகள் காட்டை அதிகமாகக் காலி செய்கின்றன. இரத்தக்கொதிப்புக்கான ரெசர்பின் 1952இல் சர்ப்பகந்தா வேரிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. இன்று அந்தச் செடியின் பன்னாட்டு வணிகம், அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. சடாமாஞ்சிலும் அதே பட்டியலில் இருக்கிறது. கோஷ்டம் இன்னும் கடுமையான முதல் பட்டியலிலேயே சேர்க்கப்பட்டிருக்கிறது. சிங்கப்பூர்த் தேக்காவில் நாட்டு மருந்துக் கடை டப்பாக்களில் நாம் பார்க்கும் பெயர்கள்தான் இவை. இமயமலைச் சரிவில் ஒருவர் கையால் தோண்டி எடுக்கும் வேர் நம் கைக்கு வந்து சேரும்போது அங்கே ஒரு குழிதான் மிஞ்சுகிறது. முடிவேர் ஆராய்ச்சியை நான் இவ்வளவு தூக்கிப் பிடிப்பதற்கு முதல் காரணம் இதுதான், லாபமெல்லாம் அப்புறம்.

கே: எங்கள் இறுதியாண்டுத் திட்டப்பணிக்கு முடிவேர் கொடுத்திருக்கிறார்கள். கூடவே எக்ஸ்ஏடி-7 என்ற ரெசின் (நுண்துளைகள் உள்ள பிளாஸ்டிக் போன்ற பொருள்) மணிகளையும் போடச் சொல்கிறார் ஆசிரியர். வேர் வெளியே விட்டதை ரெசின் பிடித்து வைக்கும், அது புரிகிறது. ஆனால் மொத்த உற்பத்தியே கூடும் என்கிறாரே, பிடித்து வைப்பதால் உண்டாவது எப்படிக் கூடும்? (பல்துறைத் தொழிற்கல்லூரி மாணவர், உட்லண்ட்ஸ்)

ப: தம்பி, இந்த விஷயத்தின் உயிர்நாடியே இதுதான், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

வேர் இந்தச் சேர்மங்களை நமக்காகச் செய்வதில்லை. பூஞ்சையை விரட்ட, புழுவை விரட்ட, பக்கத்துச் செடியை அடக்க என்று தன் பாதுகாப்புக்காகச் செய்கிறது. பூஞ்சையைக் கொல்லும் பொருள் செய்தவனையும் கொல்லும், அதனால் செடி அதை அளவோடுதான் செய்யும். சித்திரமூலத்தின் வேரிலிருக்கும் பிளம்பாஜின் நம் தோலில் பட்டால் கொப்புளம் போடும், வேரின் சொந்தச் செல்லுக்கும் அது நஞ்சுதான். மண்ணில் இருக்கும்போது கசிந்தது ஈரத்தோடு பரவிப் போய்விடும், குடுவையில் எங்கே போகும்? 50 மில்லிலிட்டர் தண்ணீருக்குள் சுற்றிச் சுற்றி வரும், அளவு ஏற ஏற வேர் உற்பத்தியை நிறுத்திக்கொள்ளும், சில சமயம் வேரே கருத்துவிடும். உற்பத்திச் சங்கிலியின் கடைசிப் பொருள் குவிந்தால் முதல் நொதிக்கே கடிவாளம் விழும் என்பதை உயிர்வேதியியல் பாடத்தில் படித்திருப்பீர்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. வெளியே வந்த சேர்மம் அப்படியே இருப்பதில்லை. வேர் விடும் பெராக்சிடேஸ் நொதிகள் அதைச் சிதைக்கும், காற்று ஆக்சிஜனேற்றும், சிலவற்றை வேரே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். மூன்று வாரம் கழித்து நாம் அளந்து பார்ப்பது செய்ததில் சிதைந்தது போக மிச்சம் மட்டும்தான்.

இப்போது ரெசின் மணியைப் போடுங்கள். எக்ஸ்ஏடி-7 ஒரு அக்ரிலிக் வகை, ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 450 சதுர மீட்டர் உள்பரப்பு. எண்ணெய்த்தன்மையுள்ள மூலக்கூறு தண்ணீரில் நிம்மதியாக இருக்காது, துளைக்குள் போய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். தண்ணீரில் அதன் அளவு எப்போதும் தாழ்வாகவே இருக்கும், அதனால் வேரிலிருந்து மேலும் மேலும் வெளியேறும், உள்ளே இருந்த தடை தளரும், ஒட்டிக்கொண்டது நொதிகளிடமிருந்தும் தப்பும். இத்தனையும் சேர்ந்துதான் மொத்தத்தைக் கூட்டுகின்றன. இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. இங்கிலாந்தில் ராபின்ஸ், ரோட்ஸ் இருவரும் சின்கோனா மரத்தின் செல்களை இதே ரெசினோடு வளர்த்து, ஆந்த்ரகுவினோன் என்ற சேர்மத்தின் உற்பத்தி பல மடங்கு கூடியதை 1986இலேயே வெளியிட்டார்கள், அது வேர் இல்லை, செல் வளர்ப்பு. வேரில் பார்க்க வேண்டுமானால் சீன மருந்துக் கடைகளில் விற்கும் டான்ஷென் என்ற சிவப்பு வேர் இருக்கிறதல்லவா, அதன் முடிவேரில் ரெசின், தூண்டி (வேரை உசுப்பி உற்பத்தியைக் கூட்டும் பொருள்), அவ்வப்போது புது ஊடகம் (வேர் வளரும் ஊட்டக் கரைசல்) மூன்றையும் சேர்த்து 2005இல் ஹாங்காங்கில் செய்தார்கள். உண்டான டான்ஷினோன் என்ற மருந்துச் சேர்மத்தில் பெரும்பகுதி ரெசினில்தான் இருந்தது, வேரை அழிக்காமலே.

உங்கள் சோதனைக்குச் சில விஷயங்கள், இவற்றை யாரும் புத்தகத்தில் சத்தமாகச் சொல்வதில்லை. ரெசினை மட்டும் கழுவி அளந்துவிட்டு ‘கூடிவிட்டது’ என்று எழுதிவிடாதீர்கள். வேரில் இருப்பது, ஊடகத்தில் இருப்பது, ரெசினில் இருப்பது மூன்றையும் கூட்டி, குடுவைக்கு எவ்வளவு என்றும் உலர்ந்த வேர் ஒரு கிராமுக்கு எவ்வளவு என்றும் இரண்டு விதமாகவும் சொல்லுங்கள், ஏனென்றால் ரெசின் சில சமயம் வேரின் வளர்ச்சியைக் குறைத்துவிடும், அப்போது கிராம் கணக்கில் கூடினது போலத் தெரியும், குடுவைக் கணக்கில் ஒன்றுமே இருக்காது. கடையிலிருந்து வரும் ரெசினில் உப்பும் பாதுகாப்புப் பொருளும் இருக்கும், மெத்தனாலில் கழுவி, பிறகு தண்ணீரில் நன்றாக அலசி, அப்புறம்தான் கிருமிநீக்கம். மணிகளைத் தளர்வாகப் போட்டால் வேர்கள் அவற்றைப் பின்னிப் பிடித்துக்கொள்ளும், பிரிக்கவே முடியாது. சின்ன நைலான் வலைப்பைக்குள் போட்டுத் தொங்கவிடுங்கள்.

அப்புறம் தூண்டி. பலர் மெத்தில் ஜாஸ்மோனேட் சேர்ப்பார்கள், மல்லிகை எண்ணெயிலிருந்து முதன்முதலில் பிரித்தெடுக்கப்பட்ட பொருள், செடிக்கு அது காயம்பட்ட செய்தி. அதுவும் எண்ணெய்த்தன்மை உள்ளதுதான்! ரெசினோடு ஒரே நேரத்தில் போட்டால் வேரைச் சேருமுன் ரெசினே அதை விழுங்கிவிடும், நீங்களோ தூண்டி வேலை செய்யவில்லை என்று அறிக்கை எழுதுவீர்கள். முதலில் வேர் நன்றாக வளரட்டும், பிறகு தூண்டி, ஒன்றிரண்டு நாள் கழித்து ரெசின். ஒன்றும் போடாத குடுவை, ரெசின் மட்டும், தூண்டி மட்டும், இரண்டும் என்று நான்கு வகையும் கட்டாயம் வேண்டும். ‘இரண்டும்’ என்ற ஒன்றை மட்டும் ஒன்றும் போடாததோடு ஒப்பிட்டால் எது வேலை செய்தது என்று யாருக்கும் தெரியாது.

உங்கள் வேர் செய்வது ஆல்கலாய்டு (நைட்ரஜன் உள்ள, காரத்தன்மைச் சேர்மம்) வகை என்றால் எச்சரிக்கை. ஊடகம் சற்றே அமிலம், அதில் ஆல்கலாய்டு மின்னேற்றம் பெற்று தண்ணீரிலேயே இருக்கப் பார்க்கும், இந்த வகை ரெசினில் சரியாக ஒட்டாது. பீட்ரூட்டின் சிவப்பு மாதிரி செல்லின் உள்ளறையிலேயே பூட்டி வைக்கப்படும் பொருளுக்கும் ரெசின் தானாக உதவாது, முதலில் அது வெளியே வர வேண்டுமே.

கே: நான் பல வருடமாக ஆர்க்கிட் வளர்க்கிறேன். தொட்டியில் கரித்துண்டு போடுவது வழக்கம். நீங்கள் சொல்லும் நுண்துளைப் பொருளும் இந்தக் கரியும் ஒன்றுதானா? (சுவா சூ காங்)

ப: உறவு உண்டு, ஒன்றே என்று சொல்ல முடியாது. தொட்டியில் போடும் அடுப்புக்கரி முக்கியமாகக் காற்றோட்டத்துக்கும் வடிகாலுக்கும். அதையே நீராவி அல்லது வேதிப்பொருள் கொண்டு அதிகச் சூட்டில் பதப்படுத்தினால் உள்ளே கண்ணுக்குத் தெரியாத துளைகள் கோடிக்கணக்கில் திறந்துகொள்ளும், அதுதான் ஆக்டிவேட்டட் சார்கோல். நல்ல வகையில் ஒரு கிராமுக்கு 1,000 சதுர மீட்டர் உள்பரப்பு சாதாரணம், அதாவது பத்துப் பதினொரு நான்கறை வீவக அடுக்குமாடி வீடுகளின் தரையைச் சுருட்டி ஒரு சிட்டிகைக்குள் வைத்த கணக்கு.

ஆர்க்கிட் விதையைக் குடுவையில் முளைக்க வைப்பவர்கள் அதைத்தான் ஊடகத்தில் கலக்கிறார்கள், ஊடகம் கறுப்பாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நம் பூமலையில் (சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில்) தாவரவியலாளர் ஹோல்டம் 1928இல் தொடங்கிய ஆர்க்கிட் கலப்பினத் திட்டம் இந்தக் குடுவை முளைப்பை நம்பித்தான் வளர்ந்தது. இளஞ்செடி விடும் கருநிறப் பீனால்களைக் கரி பிடித்துக்கொள்ளும், செடி பிழைக்கும். ஆனால் கரிக்கு நல்லது கெட்டது தெரியாது, ஊடகத்தில் இருக்கும் ஹார்மோனையும் சில வைட்டமின்களையும் சேர்த்தே பிடித்துவிடும். முடிவேருக்கு ஹார்மோன் தேவையில்லை என்பதால் அங்கே இந்த இழப்பு அவ்வளவாக உறைக்காது. இன்னொரு தொல்லை, கரி பிடித்ததை எளிதில் திருப்பித் தராது, ரெசின் தரும்.

வெனிலா உங்களிடம் இருந்தால் இது பிடிக்கும்: வெனிலாவும் ஆர்க்கிட்தான், அதன் காற்றுவேர்களுக்கு ஃபெருலிக் அமிலத்தைக் கொடுத்து, உண்டாகும் வெனிலினைச் சேர்த்து வைக்கக் கரியைப் பக்கத்தில் வைத்து 1994இல் ஒரு ஆய்வு வெளிவந்தது. நம் நன்னாரி வேரின் வாசனைப் பொருளும் வெனிலினும் ஒரே அணுக்கள், அதே எண்ணிக்கை, அடுக்கு மட்டும்தான் வேறு. நன்னாரியிலும் யாராவது இதை விரிவாகச் செய்ய வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை, சர்பத்துக்காக எத்தனை வேர் தோண்டப்படுகிறது என்று நினைத்தால் மனம் பொறுக்கவில்லை.

கே: 2025ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு, நுண்துளைகள் நிறைந்த உலோக-கரிமச் சட்டகங்களைக் கண்டுபிடித்த மூவருக்குக் கிடைத்தது. கரியையும் ரெசினையும் விட அவற்றில் இடம் அதிகம் என்று படித்தேன். அதையே வேர்க்குடுவையில் போட்டால் இன்னும் கூடுமே? (ஓய்வுபெற்ற ஆசிரியர், செங்காங்)

ப: ஐயா, கிட்டகாவா, ராப்சன், யாகி மூவரும் அந்தப் பரிசுக்கு முழுத் தகுதி உள்ளவர்கள். உலோக அயனிகளை முடிச்சாகவும் கரிம மூலக்கூறுகளைச் சட்டமாகவும் வைத்து, விரும்பிய அளவில் துளையைக் கட்டலாம் என்பது பெரிய விஷயம். சுருக்கமாக மாஃப் என்பார்கள். ஒரு கிராமுக்கு நாலாயிரம் சதுர மீட்டரைத் தாண்டும் வகைகள் இருக்கின்றன. ஆனால் வேருக்கு அருகில் கொண்டுவரும்போது பரப்பளவு ஒன்றை மட்டும் பார்த்து ஆசைப்படக் கூடாது.

முதலில் வாசல் அளவு. ஜிஃப்-8 என்ற புகழ்பெற்ற வகையின் நுழைவாயில் 0.34 நானோமீட்டர். அமுக்கிராவின் வித்தனோலைடு மாதிரியான மூலக்கூறு ஒரு நானோமீட்டரை ஒட்டிய பருமன், அது உள்ளே நுழையவே முடியாது, வெளிச்சுவரில்தான் ஒட்டும். உள்ளே ஆயிரம் அறை இருந்து என்ன பயன்? இந்த வேலைக்கு 2 முதல் 50 நானோமீட்டர் வரையிலான இடைநிலைத் துளைகள்தான் தோது. 1992இல் மொபில் நிறுவன விஞ்ஞானிகள் அறிவித்த எம்சிஎம்-41 என்ற சிலிக்கா அந்த ரகம், மாஃப்களில் எம்ஐஎல்-101 போன்ற பெரிய கூண்டு வகைகள் அந்த ரகம்.

அடுத்து தண்ணீர். 1999இல் உலகைத் திரும்பிப் பார்க்க வைத்த மாஃப்-5 ஈரக்காற்றிலேயே சிதையத் தொடங்கும், ஊடகத்தில் போட்டால் அவ்வளவுதான். ஓஸ்லோவில் பிறந்த யுஐஓ-66 சிர்க்கோனியத்தால் ஆனது, தண்ணீரைத் தாங்கும், ஆனால் சிர்க்கோனியத்துக்குப் பாஸ்பேட் மீது அலாதிப் பிரியம். வேருக்கு நாம் கொடுக்கும் முராசிகே-ஸ்கூக் கலவையில் லிட்டருக்கு 170 மில்லிகிராம் பொட்டாசியம் பாஸ்பேட் இருக்கிறது, அதை இந்தச் சட்டகம் பிடித்துக்கொண்டால் வேர் பாஸ்பேட் இல்லாமல் பட்டினி கிடக்கும். பட்டினி கிடக்கும் வேர் சில சமயம் தற்காப்புச் சேர்மத்தை அதிகமாகச் செய்யும்! பார்ப்பவருக்கு நுண்துளையின் வெற்றி மாதிரி தெரியும்.

இதே குழப்பம் உலோகத்திலும் உண்டு. தாமிரத்தால் ஆன மாஃப் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகத் தாமிர அயனியை விடும், துத்தநாகத்தால் ஆனது துத்தநாகத்தை விடும். தாமிரமும் வெள்ளியும் வேரை மிரட்டி உற்பத்தியைக் கூட்டும் தூண்டிகள் என்பது பழைய செய்தி. அப்படியானால் கூடியதற்குக் காரணம் துளையா, கசிந்த உலோகமா? அதே அளவு தாமிர உப்பை மட்டும் கரைத்த குடுவை ஒன்றைப் பக்கத்தில் வைக்காத ஆய்வுக் கட்டுரையை நான் நம்புவதில்லை. இதில் நான் பிடிவாதக்காரன்.

இத்தனையும் சொன்னாலும் மாஃப்களில் எனக்கு உண்மையான ஆர்வம் ஒரு வேறு வேலையில். துளைக்குள் ஜாஸ்மோனேட்டையோ சாலிசிலிக் அமிலத்தையோ நிரப்பி, பத்து நாள் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிடுவது. ஒரே நாளில் மொத்தத் தூண்டியையும் கொட்டினால் வேர் அதிர்ச்சியில் வளர்ச்சியை நிறுத்திவிடுகிறது, மெதுவாகக் கொடுத்தால் வளர்ந்துகொண்டே செய்யும் வாய்ப்பு இருக்கிறது. பிடிப்பதற்கு மலிவான ரெசின், விடுவதற்கு நுண்ணிய சட்டகம் என்று இரண்டையும் பிரித்து வைத்தால் இரண்டும் தத்தம் வேலையைச் செய்யும்.

கே: வேரை நசுக்காமல் உள்ளே இருக்கும் சரக்கை எடுக்க முடியுமா? (தெம்பனிஸ்)

ப: முயன்றிருக்கிறார்கள். அமெரிக்காவின் கென்டக்கி பல்கலைக்கழகத்தில் நுண்துளைச் சிலிக்காத் துகள்களின் மேல் டைட்டானியம் ஆக்சைடைப் பூசி, சாலிடாகோ என்ற செடியின் முடிவேர்களுக்குக் கொடுத்தார்கள். துகள் வேருக்குள் போய், பாலிபீனால்களைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தது, வேரும் உயிரோடு இருந்தது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஹைட்ராக்சில் உள்ள பீனால்களை டைட்டானியம் இறுகப் பற்றும், அந்தக் குணத்தைத்தான் பயன்படுத்தினார்கள். மாட்டைக் கொல்லாமல் பால் கறக்கிற இந்த வழி பிடித்தமானதுதான், ஆனால் வெளியே வராமல் வேருக்குள்ளேயே தங்கிவிடும் துகளுக்கு யார் கணக்கு வைப்பது என்று அடுத்த கேள்வி உடனே வருகிறது.

கே: இது மரபணு மாற்றப்பட்ட பொருள்தானே? அதோடு இந்தப் பொடி, ரெசின் எல்லாம் கடைசியில் நம் வயிற்றுக்குள் போகாதா? அமுக்கிராப் பொடி இப்படி வந்தால் விலை குறையுமா? (தேக்காவில் வாடிக்கையாக மளிகை வாங்கும் குடும்பத்தினர், ஈசூன்)

ப: முதல் கேள்விக்கு நேர்மையான பதில்: ஆம், முடிவேருக்குள் பாக்டீரியாவின் மரபணு இருக்கிறது. அதற்காகப் பயப்படுவதா என்றால், நீங்கள் அவித்துச் சாப்பிடும் சர்க்கரைவள்ளிக்கிழங்கிலும் அக்ரோபாக்டீரியத்தின் மரபணுத் துண்டு இருக்கிறது. 2015இல் பெல்ஜியத்தின் கெண்ட் (Ghent) பல்கலைக்கழகத்தினர் பயிரிடப்படும் 291 மாதிரிகளைச் சோதித்தார்கள், அத்தனையிலும் இருந்தது. பல்லாயிரம் வருடத்துக்கு முன் இயற்கையே செய்த வேலை. ஆனால் இதைச் சொல்லி எல்லாம் பாதுகாப்பு என்று முடித்துவிடவும் மாட்டேன், அந்த வேர் என்ன சேர்மங்களைச் செய்கிறது, எவ்வளவு செய்கிறது என்பதை ஒவ்வொன்றுக்கும் தனியாகப் பார்த்தாக வேண்டும். சிங்கப்பூரில் மரபணு மாற்றப்பட்ட உணவு கடைக்கு வருமுன் பாதுகாப்பு மதிப்பீடு வேண்டும், சிங்கப்பூர் உணவு அமைப்பு அதைக் கவனிக்கிறது. பாரம்பரிய மருந்து என்றால் சுகாதார அறிவியல் ஆணையம். ஈயம், ஆர்செனிக், காட்மியம், பாதரசத்துக்கு வரம்புகள் உண்டு. மாஃப்பில் வரும் துத்தநாகம், சிர்க்கோனியம் பற்றியும் அதே கண்டிப்பு வேண்டும் என்பது என் எண்ணம்.

பொடி வயிற்றுக்குப் போகுமா என்பதற்கு: ரெசின் மணி அரை மில்லிமீட்டர் அளவு, வலைப்பையில் இருக்கும், அப்படியே தூக்கிவிடலாம். ஒட்டியதை எத்தனாலில் கழுவி, எத்தனாலை ஆவியாக்கினால் சேர்மம் மிஞ்சும். நானோ அளவுத் துகள் என்றால் தூக்குவது கஷ்டம், அதனால் வாயால் சாப்பிடும் பொருளுக்குப் பெரிய மணிகளை மட்டும் பயன்படுத்துவதே நல்லது. மருந்தாகச் சுத்திகரித்து எடுக்கும் ஒற்றைச் சேர்மத்துக்கு நானோத் துகளும் பரவாயில்லை, அங்கே சுத்திகரிப்புப் படிகள் நிறைய இருக்கின்றன.

விலை குறையாது, குறைந்தபட்சம் அமுக்கிராவுக்கு. ராஜஸ்தானிலும் மத்தியப் பிரதேசத்திலும் அது வயலில் விளைகிறது, கிலோக் கணக்கில் மலிவாகவே கிடைக்கும் வேரோடு கண்ணாடிக் குடுவையும் மின்சாரமும் போட்டி போட முடியாது. அமுக்கிராப் பொடியில் நூற்றுக்கணக்கான பொருள்கள் கலந்திருக்கின்றன, ரெசினில் கிடைப்பது அதில் சில மட்டும், இரண்டையும் ஒன்றாகக் கருதவும் கூடாது. குடுவை வேர் வெல்வது அரிய, மெதுவாக வளரும், விலை உயர்ந்த சரக்கில்தான். ஜப்பானில் மிட்சுய் நிறுவனம் 1983இல் ஷிகோனின் என்ற சிவப்புச் சாயத்தைச் செல் வளர்ப்பில் செய்து உதட்டுச்சாயத்துக்கு விற்றது, ஏனென்றால் அதைத் தரும் செடியின் வேர் அறுவடைக்கு வர வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கொரியாவில் ஜின்செங் வேர்களை 10,000 லிட்டர் கலன்களில் வளர்க்கிறார்கள், அவை பாக்டீரியா தொடாத சாதாரண வேர்கள்.

கே: நித்தியகல்யாணியிலிருந்து புற்றுநோய் மருந்து எடுக்கிறார்கள். அதன் வேரையும் இப்படி வளர்த்து மருந்தைப் பெருக்கலாமா? (தாதி, தோ பாயோ)

ப: இந்தக் கேள்வியை ஒரு தாதி கேட்டதில் எனக்கு வியப்பில்லை, குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு அந்தச் செடி தரும் வின்கிறிஸ்டின் எவ்வளவு முக்கியம் என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதே செடி தரும் இன்னொரு மருந்தான வின்பிளாஸ்டின் ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 500 கிலோ உலர்ந்த இலை வேண்டும் என்பார்கள், வின்கிறிஸ்டின் அதைவிடவும் அரிது.

ஆனால் முடிவேர் இங்கே கைவிரித்துவிடும். இந்த மருந்துகள் கேத்தரந்தின், வின்டோலின் என்ற இரண்டு பாதிகள் சேர்ந்து உண்டாகின்றன. கேத்தரந்தினை வேர் செய்யும். வின்டோலினின் கடைசிப் படிகள் வெளிச்சம் படும் இலையின் சில தனிச் செல்களில்தான் நடக்கும். வேர்க்குடுவையில் எத்தனை ரெசினைப் போட்டாலும் வேர் செய்யாத ஒன்றை அது பிடிக்க முடியாது. கேத்தரந்தினையும் அஜ்மலிசின் என்ற இன்னொரு ஆல்கலாய்டையும் வேரிலிருந்து பெருக்கலாம், அது உண்மை, மற்ற பாதிக்கு இலையையோ ஈஸ்டையோதான் நாட வேண்டும்.

கே: தொடக்கக் கல்லூரியில் படிக்கும் என் மகள் இதை வீட்டிலேயே செய்து பார்க்க வேண்டும் என்கிறாள். அனுமதிக்கலாமா? (ஒரு தந்தை, புக்கிட் பாத்தோக்)

ப: முடிவேர் உருவாக்குவதை வீட்டில் வேண்டாம் ஐயா. மரபணு மாற்றம் சம்பந்தப்பட்ட வேலை உயிரியல் பாதுகாப்புக் குழு உள்ள ஆய்வகத்தில்தான் நடக்க வேண்டும். 121 டிகிரியில் கிருமி நீக்கும் கலன் இல்லாமல் சர்க்கரைத் தண்ணீரை வைத்தால் நான்கே நாளில் பூஞ்சைதான் வளரும், மகளுக்கு ஆர்வமே போய்விடும். பள்ளி ஆசிரியர் மூலம் பல்கலைக்கழக ஆய்வகம் எதையாவது அணுகச் சொல்லுங்கள்.

நுண்துளை எதைப் பிடிக்கும், எதைப் பிடிக்காது என்பதை மட்டும் சமையலறையிலேயே அழகாகப் பார்க்கலாம். மீன்தொட்டிக் கடையில் விற்கும் ஆக்டிவேட்டட் கரியை வாங்கி, தண்ணீர் தெளியும் வரை பலமுறை அலசட்டும். இதை விடக் கூடாது, கரியில் ஒட்டியிருக்கும் சாம்பல் காரத்தன்மை உள்ளது, சங்குப்பூ நீலத்தைப் பச்சையாக்கிக் குழப்பிவிடும். காய்ந்த சங்குப்பூவை வெந்நீரில் ஊறவைத்து, ஆறியதும் சம அளவாக நான்கு கண்ணாடிக் குவளைகளில் ஊற்றி, ஒன்றில் எதுவும் வேண்டாம், ஒன்றில் அடுப்புக்கரி, ஒன்றில் ஆக்டிவேட்டட் கரி, ஒன்றில் அதே ஆக்டிவேட்டட் கரியை இரண்டு மடங்கு. கரியின் எடையைச் சமையலறைத் தராசில் எழுதிக்கொள்ளட்டும். மணிக்கு ஒருமுறை கலக்கி, வெள்ளைத் தாளின் முன் வைத்துக் கைபேசியில் படம் எடுத்து, நிறம் எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்று வரைபடம் போடலாம்.

பிறகு சங்குப்பூத் தண்ணீரில் சர்க்கரையையும் கரைத்து அதே சோதனை. நிறம் போய்விடும், சர்க்கரை பெரும்பாலும் தண்ணீரிலேயே நிற்கும், சர்க்கரை ஆலைகளில் பாகை வெளுக்கக் கரியைப் பயன்படுத்துவதும் இதனால்தான். வேருக்குக் கொடுத்த சர்க்கரையை விட்டுவிட்டு அது செய்த சேர்மத்தை மட்டும் நுண்துளைப் பொருள் எப்படிப் பிடிக்கிறது என்பது அப்போது அவளுக்கே விளங்கும். மீன்தொட்டிக் கரி போட்ட தண்ணீரைச் சுவைத்துப் பார்க்க வேண்டாம், சர்க்கரை இருக்கிறதா என்று அறிய மருந்துக் கடையில் கிடைக்கும் குளுக்கோஸ் பட்டை உதவும். சாதாரண வெள்ளைச் சர்க்கரைக்கு அந்தப் பட்டை நிறம் மாறாது, அதனால் குளுக்கோஸ் பொடியையே கரைக்கச் சொல்லுங்கள். வரைபடத்தை எங்களுக்கு அனுப்பினால் அடுத்த இதழில் போடுகிறோம், பயன்படுத்திய கரியை அலசிக் காயவைத்து இரண்டாம் முறை போட்டபோது எவ்வளவு பிடித்தது என்பதையும் சேர்த்து.